சாலையும் சபையும்: ஆரியசாலை வட்டாரத்தில் பொதுக்கல்வி வந்த வழி

திருவனந்தபுரம் கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது ஆரியசாலை. அதை அடுத்து வலியசாலை, சற்று வடக்கே தைக்காடு. கடைத்தெருவை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த நெல்லும் தோவாளையிலிருந்து வந்த பூவும் இறங்கிய தெரு இது. இன்றும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தமிழ்ப் பேச்சு கேட்கும். ஆனால் இந்த ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘சாலை’ என்ற சொல் கடைத்தெருவைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. அதற்கு முதலில் பாதை என்ற பொருளும் இல்லை, சந்தை என்ற பொருளும் இல்லை. மாணவர்களைத் தங்கவைத்து, சோறிட்டு, படிப்புச் சொல்லிக்கொடுத்த இடம் சாலை.

வலியசாலை மகாதேவர் கோயிலைக் காந்தளூர்க் கோயில் என்றும் சொல்வார்கள். சோழன் முதலாம் இராசராசன் கலமறுத்ததாக அவன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்தப் பகுதிதான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கே இராசராசன் அறுத்த ‘கலம்’ கப்பலா, உண்கலமா, வேறெதுவுமா என்ற வாதம் நூறாண்டாக நடக்கிறது. கல்வியின் வரலாற்றுக்கு அதைவிடப் பயன்படுவது இன்னொரு ஆவணம். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் மாற்றி வாங்கி, பார்த்திவசேகரபுரத்தில் கோயில் கட்டி, 95 சட்டருக்கு ஒரு சாலை வைத்தான். சட்டர் என்பது மாணவரைக் குறித்த சொல். அதைச் சொல்லும் செப்பேடு, இந்தச் சாலை காந்தளூர் முறைப்படி நடக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் காந்தளூர் அன்றைக்கே முன்மாதிரிப் பள்ளி.

செப்பேட்டின் விதிகள் விடுதிக் காப்பாளர் ஒருவர் எழுதியவை போல இருக்கின்றன. சக மாணவரைத் திட்டினால் தண்டம். ஆயுதம் ஏந்திக் கூட்டத்துக்கு வரக்கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளக் கூடாது. சேர வருபவருக்கு மூன்று அரசுகளின் நடைமுறைகளிலும் தேர்ச்சி இருக்க வேண்டும். பிற்காலத்தில் அமைச்சராகவோ அதிகாரியாகவோ போகக்கூடியவர்களை உருவாக்கிய இடம் இது என்று இந்த ஒரு விதியைக் கொண்டே ஊகிக்கலாம். அந்த 95 இடங்களும் வேதம் ஓதும் மூன்று பிரிவாருக்குப் பங்கிடப்பட்டவை. சாலைக்கு நெல் விளைவித்தவனின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. உழுபவன் சோறு போட, ஓதுபவன் மட்டும் படித்த அந்த ஏற்பாடு பெரிய மாற்றமில்லாமல் ஆயிரம் ஆண்டு நீடித்தது.

எழுத்தளவில் முதல் உடைப்பு 1817இல் வந்தது. திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பிலிருந்தார், கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தார். மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும், கல்வி பரவினால் அவர்கள் நல்ல குடிகளாகவும் நல்ல ஊழியர்களாகவும் ஆவார்கள் என்று அந்த ஆண்டு அரசாணை பிறந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் பள்ளிக்கூடங்களுக்கென்று முதன்முதலாகப் பணம் ஒதுக்கியது 1833இல்தான் என்பதை நினைத்தால் இந்த ஆணையின் துணிவு விளங்கும். ஆனால் மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று ஆணை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒன்றுக்காக அடுத்த நூறாண்டு மனுவும் போராட்டமுமாகக் கழிந்தது.

இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகாமல் இல்லை. தெற்கே 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கினார். நாகர்கோவிலில் 1818இல் செமினரி வந்தது, மறு ஆண்டு மீட் தம்பதியர் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார்கள். சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்துக்கு ஆங்கிலப் பள்ளி வந்தது. 1836இல் அது ராஜாவின் இலவசப் பள்ளியாகி, 1866இல் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. மனோன்மணீயம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை அங்கேதான் தத்துவப் பேராசிரியராக இருந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பின்னாளில் நகரின் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்து 1931இல் ஓய்வு பெற்றார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையின் கொடுமையை மக்களுக்கும் சட்டம் இயற்றியவர்களுக்கும் உறைக்கும்படி பாடியவர் அவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களுள்ளும் அவர் உண்டு. திவான் டி. மாதவராவ் காலத்தில், 1860களில், ஊர்மொழிப் பள்ளிகளுக்குத் தனித் துறையே ஏற்பட்டது. பள்ளி இருந்தது, பாடநூல் இருந்தது, சம்பளம் வாங்கும் ஆசிரியரும் இருந்தார். புலையர், பறையர், ஈழவர் பிள்ளைகளுக்கு மட்டும் கதவு அடைத்துக் கிடந்தது. கோயிலுக்கு அருகே பள்ளி இருப்பதால் எல்லாரையும் விட முடியாது என்பது வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அடைத்த கதவின் முன் முதலில் வந்து நின்றவை மனுக்கள். 1891இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மனு, உயர்பதவிகளை வெளியூர்ப் பிராமணர்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்று முறையிட்டது. அந்தக் குற்றச்சாட்டின் நிழல் வலியசாலை அக்கிரகாரம் போன்ற தமிழ்ப் பிராமணத் தெருக்களின் மேலும் விழுந்தது. 1896இல் டாக்டர் பல்ப்பு ஈழவர் மனுவைக் கொண்டுவந்தார். திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, ஈழவர் என்பதால் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு மைசூருக்குப் போனவர் அவர். மனுவில் 13,176 கையெழுத்துகள். கேட்டவை இரண்டு: அரசுப் பள்ளியில் இடம், அரசு வேலையில் இடம். திவானிடமிருந்து கைகொடுக்கும் பதில் வரவில்லை. பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை இலண்டன் வரை போய், நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுப்பச் செய்தார். பள்ளிக்கூடத்துக்காகச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போய்ப் பேசும் வழக்கம் திருவிதாங்கூரில் கடல் கடந்துதான் தொடங்கியது எனலாம். உள்ளூரில் தேடிப் போக அப்போது யாருமில்லை. 1888இல் ஏற்பட்ட சட்ட ஆலோசனைச் சபையில் இருந்தது எட்டுப் பேர். இந்திய சமஸ்தானங்களில் அதுவே முதல் சட்டசபை என்றாலும், திவானின் அறையிலேயே கூடிய அந்த எட்டுப் பேருக்குள் வயலில் நின்றவன் ஒருவனும் இல்லை.

1904இல் அந்தக் குறையை ஓரளவு தீர்க்க ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்பட்டது. முதல் கூட்டம் அக்டோபர் 22 அன்று பாளையத்தில் உள்ள விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் நடந்தது. சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. ஆண்டுக்கொருமுறை கூடி, நாட்டின் குறைகளைத் திவானின் முன் எடுத்துச்சொல்லலாம். திவான் பதில் சொல்வார், துறைகளுக்குக் குறிப்பு போகும், அடுத்த ஆண்டு அதே குறையை மீண்டும் எழுப்பலாம். அடுத்த ஆண்டு முதல் 100 உறுப்பினரில் 77 பேர் தேர்தலில் வந்தார்கள். வாக்குரிமைக்கு 50 ரூபாய் நிலவரி கட்ட வேண்டும், அல்லது 2,000 ரூபாய் வருமானம் வேண்டும், அல்லது பட்டம் வேண்டும். நிலமே இல்லாதவனுக்கு நியமனம் ஒன்றே வழி. ‘சுபாஷிணி’ இதழாசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை புலையர் சார்பில் சபையில் பேச நியமிக்கப்பட்டார். அவர் செய்த பெரிய காரியம், அந்த மக்களின் சார்பில் அவர்களில் ஒருவரே பேசட்டும் என்று கேட்டதுதான். 1911 டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

அய்யன்காளி 1863இல் நகரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்தவர். எழுத்தறியாதவர். புலையர் நடக்கக்கூடாத பொதுவழியில் 1893இல் வில்வண்டி கட்டி ஓட்டியவர். ஆரியசாலைக்குப் பக்கத்துத் தைக்காட்டில் ரெசிடென்சி மேலாளராக இருந்த அய்யாவு சுவாமிகள், சாதி பாராமல் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர், தமிழர். அவரிடம் வந்துபோனவர்களில் நாராயண குரு, சட்டம்பி சுவாமிகள் ஆகியோரோடு அய்யன்காளியும் ஒருவர். 1907இல் அய்யன்காளி சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு புலையர் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று ஆணை வந்தது. வந்த ஆணையைக் கீழதிகாரிகள் அமுக்கினார்கள், பள்ளி நடத்தியவர்கள் மதிக்கவில்லை. இதற்கு முன்பே தாங்களே ஒரு குடிப்பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள் வெங்ஙானூர்ப் புலையர்கள். அது கொளுத்தப்பட்டது. மறுபடி கட்டினார்கள்.

அதன்பின் நடந்தது வயல் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்ற எச்சரிக்கை வெறும் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. சேற்றில் இறங்கிப் பழகாத நிலக்காரர்கள் தாங்களே இறங்கிப் பார்த்துக் கரையேறினார்கள். கூலி நின்றதும் குடிசைகளில் பட்டினி வந்தது. அப்போது அய்யன்காளி விழிஞ்ஞம் மீனவர்களிடம் பேசி, படகுக்கு ஒருவராகத் தம் ஆட்களை ஏற்றிக்கொள்ளச் செய்தார். பிடித்த மீனில் ஒரு பங்கு அவர்களுக்கு. பள்ளிக்கூடத்துக்காக உழவர் வேலைநிறுத்தம் செய்ததும், அதைக் கடல்தொழிலாளர் தாங்கியதும் இந்தியக் கல்வி வரலாற்றில் தனிப் பக்கம் பெற வேண்டிய செய்தி. பாடநூல்களில் அதற்குக் கிடைத்திருப்பது இரண்டு மூன்று வரி. கடைசியில் நீதிபதி ஒருவரை நடுவராக வைத்துச் சமரசம் பேசப்பட்டது.

1910இல் திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில் அந்தப் பள்ளிச் சேர்க்கை ஆணை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. கல்வித்துறைத் தலைவர் மிட்செல் அதை நடத்திக்காட்ட முனைந்தார். எதிர்ப்பு எங்கெல்லாமிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசை எதிர்த்து எழுதி அதே ஆண்டு நாடுகடத்தப்பட்ட ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இன்றும் கேரளம் காட்டும் பெயர். அவரும் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதா என்ற பொருளில் தலையங்கம் எழுதினார். எழுத்தை ஆண்டவர்களே இப்படி நினைத்தபோது கிராமத்துப் பள்ளி மேலாளரிடம் எதை எதிர்பார்ப்பது? ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஆணையைக் காட்டி உள்ளே உட்காரவைத்தார் அய்யன்காளி. அன்றிரவே பள்ளி எரிந்தது. அந்தத் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் அந்தப் பள்ளியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் இருக்கிறது.

1912 பிப்ரவரியில் தலைப்பாகையும் கோட்டுமாக டவுன் ஹாலில் எழுந்து நின்ற அய்யன்காளி முதலில் கேட்டது நிலம். புலையர் பண்படுத்திய தரிசை அவர்களுக்கே பதிவு செய்து தர வேண்டும் என்றார். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் கிடைத்தது. நிலக்காரனின் மண்ணில் குடிசை போட்டவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் மறுநாள் குடிசை இருக்காது என்பதை அறிந்தவரின் வரிசை அது. பிறகு ஆண்டுதோறும் பள்ளி பேச்சில் வந்தது: இந்த ஊர்ப் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள், அந்த ஊரில் பள்ளியே இல்லை, சம்பளச் சலுகை வேண்டும், படித்தவனுக்கு வேலை வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்து அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

இதே நாட்களில் கல்கத்தாவில் இன்னொரு வாதம் நடந்தது. கோபாலகிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவை 1911இல் பேரரசுச் சட்டசபையில் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் 13 பேர் ஆதரிக்க, 38 பேர் எதிர்க்க, அது தோற்றது. பரோடாவில் சயாஜிராவ் 1906இலேயே கட்டாயக் கல்வி கொண்டுவந்திருந்தார். அரசன் ஆணையிட்ட இடத்தில் நடந்தது, படித்தவர் சட்டசபையில் வாதாடிய இடத்தில் நடக்கவில்லை. திருவிதாங்கூரில் கதை வேறு. இங்கே ஆணை இருந்தும் நடக்கவில்லை. சபையில் கேட்க ஒருவரும், வயலில் வேலையை நிறுத்த ஆயிரம் பேரும் சேர்ந்தபோதுதான் அது நடக்கத் தொடங்கியது.

1914இல் வெங்ஙானூரில் அரசுப் பள்ளி கிடைத்தபோது, அங்கே போய்ப் படிப்பிக்க ஆசிரியர்கள் முன்வரவில்லை. நகரத்துக் கைதமுக்கிலிருந்து பரமேசுவரன் பிள்ளை என்பவர் துணிந்து போனார் என்றும், அவருக்குக் காவலாக ஆட்கள் கூட நடந்தார்கள் என்றும் அந்தப் பகுதியில் சொல்வார்கள். ஓர் ஆசிரியர் பள்ளிக்குப் போய்வர மெய்க்காவல் தேவைப்பட்ட காலம் அது.

அய்யன்காளி தனியாள் இல்லை. கவிஞர் குமாரன் ஆசான் நாராயண குருவின் அமைப்புக்குச் செயலாளராக இருந்ததோடு, சபையிலும் ஈழவரின் பள்ளி உரிமைக்காகப் பேசினார். பறையர் தரப்பில் காவாரிக்குளம் கண்டன் குமாரன், பிற்பாடு பொய்கையில் யோகன்னான் ஆகியோர் நியமன உறுப்பினராக வந்தார்கள். கண்டன் குமாரன் சபையில் கேட்பதோடு நில்லாமல் ஊர் ஊராக ஓராசிரியர் பள்ளிகளையும் வைத்தார். இவர்கள் ஒருவருக்கும் வாக்குத் தந்த தொகுதி கிடையாது. ஆண்டுக்கொருமுறை கிடைத்த சில நிமிடப் பேச்சே இவர்களின் அதிகாரம்.

ஆரியசாலைக்குக் கல்வியோடு இன்னொரு தொடர்பும் உண்டு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி புறப்பட்டுத் திருவனந்தபுரம் வருவாள். கம்பர் வழிபட்ட படிமம் என்று மரபில் சொல்லப்படுவது அது. சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் உடன் வருவார்கள். சரஸ்வதிக்குக் கோட்டையில் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை, குமாரசுவாமிக்கு ஆரியசாலை தேவி கோயில். விஜயதசமியில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பு நடக்கும். புலையர் பிள்ளை இந்தக் கோயில்களுக்குள் போக 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி ஆணைக்குப் பிறகு 26 ஆண்டு. கோயில் நுழைவை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், சரிதான். ஆனால் அடிபட்டும் தீக்கிரையாகியும் முதலில் திறந்த கதவு பள்ளிக்கூடத்தின் கதவு. 1937 ஜனவரியில் வெங்ஙானூர் வந்த காந்தியிடம், தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. ஆவதைக் காண வேண்டும் என்றார் அய்யன்காளி. 1941இல் அவர் மறைந்தார்.

பிந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1933 முதல் சபை இரண்டு அவைகளாகி உண்மையான சட்டமன்றத்தின் உருவம் பெற்றது. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது 1945இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது, தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்வதா என்பதில் கிறித்தவ சபைகளோடு மோதலும் வந்தது. அதே மோதல் 1957இல் கேரளக் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் கல்வி மசோதாவால் பெரிதாக எழுந்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசே நேராகக் கொடுக்கும், நியமனத்தில் ஒழுங்கு வேண்டும் என்ற அதன் விதிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அமைச்சரவைக்கு எதிராக எழுந்த விமோசனப் போராட்டத்துக்குப் பின் 1959 ஜூலை 31இல் அந்த அமைச்சரவையே கலைக்கப்பட்டது. சம்பளத்தை மேலாளரின் கைக்குப் பதிலாக அரசுக் கருவூலத்தில் வாங்கும் முறை மட்டும் நின்று நிலைத்தது.

சாலைத் தமிழர்களுக்கு 1956 நவம்பர் 1 வேறு கணக்கைக் கொண்டுவந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆரியசாலை, சாலை, வலியசாலைத் தமிழர் ஒரே இரவில் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்யுமாறு மாநிலங்களைக் கேட்கும் 350அ பிரிவு அதே ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் ஏறியது. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1990களின் நடுவில் பள்ளிகள் உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு வந்தபின், கூரை மாற்றவும் வகுப்பறை கேட்கவும் பெற்றோர் போய்ப் பார்ப்பது முதலில் வார்டு கவுன்சிலரை, பிறகு சட்டமன்ற உறுப்பினரை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு நாற்காலி தந்தது. அய்யன்காளி நின்று பேசிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019இல் அய்யன்காளி ஹால் என்று பெயர் மாறியது.